இல்லாத டாங்கிக்கும் ஒரு காரணம் வேண்டும்

அன்புள்ள சார்,

1:35 அளவில், அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, டாங்கி மாடல்கள் கட்டுகிறவன் நான். மிச்சப் பாகங்கள் போட்டு வைக்கும் டப்பா நிரம்பிவிட்டது. அதில் ஒரு அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் அடிப்பாகமும், வேறொரு கிட்டில் மீந்த ஜெர்மன் 88 மி.மீ. பாக் 43 டாங்கி எதிர்ப்புப் பீரங்கியும் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஷெர்மனில் ஜெர்மானியர்கள் அந்தப் பீரங்கியை ஏற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? செய்து பார்க்க ஆசை. ‘நடக்காததைக் கட்டுவது வரலாற்றைக் கெடுக்கிற வேலை’ என்கிறார்கள் நண்பர்கள். டரட் (டாங்கியின் மேல் சுழலும் கவசக் கூண்டு) இருந்த இடத்தில் பீரங்கியைச் சும்மா வைத்துப் பார்த்தேன். எனக்கே பொருந்தவில்லை. எங்கே இடிக்கிறது? வண்ணம் எப்படி அடிப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் கட்சியில் நான் இல்லை. மிச்சத்தை வைத்து வண்டி கட்டுவது வரலாற்றிலேயே நடந்த காரியம்தான். 1942இல் வந்த ஜெர்மன் டாங்கி எதிர்ப்பு வண்டியான மார்டர் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டம் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த 38(டி) டாங்கியினுடையது, பீரங்கி சோவியத் படையிடமிருந்து பிடித்த 76.2 மி.மீ. ரகம். ஜெர்மன் குண்டு போடும்படி, அதில் குண்டு உட்காரும் அறையை மாற்றிக்கொண்டார்கள். எகிப்துக்காரர்கள் அமெரிக்க ஷெர்மன் மேல் பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கியின் டரட்டைத் தூக்கி வைத்தார்கள். ஜெர்மானியரின் 653ஆம் கனரக டாங்கி எதிர்ப்புப் படைப்பிரிவு 1944இல் ஒரு பாந்தர் டாங்கி மேல் பான்சர் 4 டாங்கியின் டரட்டைப் பொருத்தி, சுழலாதபடி போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. அவ்வளவு தூரம் ஏன், நம் ஆவடியில் கட்டிய விஜயந்தா டாங்கியின் அடிச்சட்டத்தில் ரஷ்ய 130 மி.மீ. பீரங்கியை ஏற்றிய ‘கேட்டபுல்ட்’ இருக்கிறதே! படத்தில் மட்டும் பார்த்தால் இவற்றில் பாதியை யாரோ விளையாட்டுக்கு ஒட்டியது என்றுதான் சொல்வோம்.

ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பற்றாக்குறையோ அவசரமோ இருந்தது. கையில் இருப்பது இது, தேவைப்படுவது அது, நடுவில் ஒரு பட்டறை. உங்கள் வண்டிக்கும் முதலில் அதைத்தான் முடிவு செய்ய வேண்டும். பசை பாட்டிலைத் திறப்பது அப்புறம்.

காரணம் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பாக் 43இன் அவசர வடிவமான 43/41 நான்கு டன்னுக்கு மேல் கனம். சேற்றில் ஆட்கள் தள்ளி நகர்த்துகிற சமாசாரம் இல்லை. வீரர்கள் அதைக் களஞ்சியக் கதவு என்றே கேலி செய்தார்கள். அப்படிப்பட்ட பீரங்கிக்குச் சொந்தமாக ஓடுகிற வண்டி வேண்டும் என்று ஒரு படைப்பிரிவு தவித்திருக்கும் என்பதை யாரும் நம்புவார்கள்.

சரி, எங்கே இடிக்கிறது? அளந்து பாருங்கள். இந்தப் பீரங்கியின் குழாய் மட்டும் 6.2 மீட்டருக்கு மேல். 1:35இல் கிட்டத்தட்ட 18 செ.மீ. சாதாரண ஷெர்மனின் உடலே 17 செ.மீ.க்குள் அடங்கிவிடும். நடுவில் வைத்தால் முன்பாரம் தாங்காமல் மூக்கு தரையில் குத்தும் என்று கண் உடனே சொல்லிவிடுகிறது. அடுத்தது டரட் உட்காரும் வளையம். ஷெர்மனுக்கு அதன் விட்டம் 69 அங்குலம், மாடலில் 5 செ.மீ. அதாவது உங்கள் பிளாஸ்டிக் சிப்பாய் ஒருவன் குறுக்கே படுத்தால் தலையும் காலும் முட்டும். அதற்குள் பீரங்கியின் பின்புறமும், அது சுடும்போது பின்னால் உதைக்கும் தூரமும், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள குண்டைத் தூக்கித் திணிக்கிற ஆளும் அடங்க வேண்டும். அடங்காது.

இதைவிடச் சிறிய 17 பவுண்டர் பீரங்கியை ஷெர்மனுக்குள் நுழைக்கவே பிரிட்டிஷ்காரர்கள் படாத பாடு பட்டார்கள். பீரங்கியையே பக்கவாட்டில் திருப்பிப் போட்டார்கள். ரேடியோவை டரட்டின் பின்னால் ஒரு கவசப் பெட்டி கட்டி வெளியே தள்ளினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த துப்பாக்கிக்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குண்டுகளை அடுக்கினார்கள். அப்படித்தான் ஃபயர்ஃபிளை டாங்கி வந்தது. அந்தப் பின்பெட்டி ஒன்றைப் பார்த்தாலே உள்ளே நடந்த இட நெருக்கடி புரிந்துவிடும். நல்ல கற்பனை வண்டியிலும் இப்படி ஒரு தடயமாவது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: டரட்டை மறந்துவிடுங்கள். இதே பீரங்கிக்காக ஜெர்மானியர்கள் செய்த நாஸ்ஹோர்ன் வண்டியில் என்ஜினை நடுவுக்குக் கொண்டுவந்து, பின்பகுதியைப் பீரங்கிக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஷெர்மனில் இது நடக்குமா என்றால், அமெரிக்கர்களே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 1945இல் வந்த எம்40 பீரங்கி வண்டி ஷெர்மன் வம்சம்தான். என்ஜினை முன்னுக்கு நகர்த்தி, பின்னால் 155 மி.மீ. பீரங்கியை வைத்தார்கள். ஆகவே என்ஜின் மூடியை அறுத்து நடுவில் ஒட்டுங்கள், பின்னால் கூரையில்லாத ஒரு கவசத் தொட்டி கட்டுங்கள். குழாயின் பாதிக்கு மேல் வண்டியின் மேலேயே கிடக்கும், பாரமும் சமமாகும்.

தொட்டியின் சுவரில் பலரும் சறுக்குவார்கள். கையில் கிடைத்த 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிவிடுவார்கள். 1:35இல் அது 35 மி.மீ. எஃகு. நாஸ்ஹோர்னின் தொட்டிச் சுவர் 10 மி.மீ.தான், மாடலில் 0.3 மி.மீ. கூட இல்லை. அவ்வளவு மெல்லிய ஷீட் நெளியும் என்றால் அரை மி.மீ. போட்டு, மேல் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சீவி மெலிதாக்குங்கள். கூரையில்லாத வண்டியில் கண் முதலில் போகிற இடம் அந்த விளிம்பு.

மூட்டுகளைப் புட்டி பூசி வழவழவென்று தேய்த்து மறைக்காதீர்கள். கிட்டில் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவைத் தீயில் காட்டி நூலாக இழுத்து, மூட்டில் ஒட்டி, பசையால் இளக்கி, கத்தி முனையால் சின்னச் சின்னதாகக் கொத்துங்கள். அசல் வெல்டிங் தழும்பு வந்துவிடும். பட்டறை அவசரத்தில் வேலை செய்தது என்பதை அந்தத் தழும்புதான் சொல்ல வேண்டும். நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் ஒரு சிப்பாயைத் தொட்டிக்குள் நிறுத்தி, 3 செ.மீ. கம்பி ஒன்றைக் குண்டாக அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். திரும்ப முடிகிறதா என்று தெரிந்துவிடும்.

வண்ணத்துக்கு வருகிறேன். பழைய அமெரிக்கப் பச்சை அடியில் இருக்கட்டும், அதன் மேல் ஜெர்மன் அடர்மஞ்சளை அங்கங்கே பச்சை எட்டிப் பார்க்கும்படி அடியுங்கள். புதிதாகக் கட்டிய தொட்டியில் மட்டும் பச்சை தெரியக்கூடாது, அது ஷெர்மனோடு வந்தது இல்லையே. பிடித்த வண்டிகளில் சொந்தப் படையே சுட்டுவிடாமல் இருக்கக் குறுக்குச் சின்னத்தைப் பெரிதாக வரைவது ஜெர்மானியர் வழக்கம். நீங்களும் தாராளமாகவே வரையுங்கள்.

முடித்ததும் தொட்டியின் உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள்.