இண்டியானாவின் வெள்ளை அங்கிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு என்றாலே அமெரிக்காவின் தென் மாநிலங்கள்தான் என்று எண்ணியிருந்தேன். 1920களில் அதன் பெருங்கோட்டைகளில் ஒன்று வடக்கே இண்டியானாவில் இருந்தது என அண்மையில் படித்தேன். உள்நாட்டுப் போரில் லிங்கனின் பக்கம் நின்ற, கருப்பின மக்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத மாநிலம் அது. அங்கே அது வேரூன்றியது அறியாமையாலும் வறுமையாலும்தானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை என்றே சொல்வேன். உச்சத்தில் இருந்தபோது அங்கே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கிளானில் இருந்தனர். அமெரிக்காவில் பிறந்த வெள்ளை ஆண்களில் கால் பங்குக்கும் மேல். மருத்துவர், வழக்கறிஞர், கடைக்காரர், ஆலைத் தொழிலாளி, மதபோதகர் என ஊரே அதில் இருந்தது. பெண்களுக்குத் தனிப் பிரிவும் இருந்தது.

அது பரவிய விதத்தைக் கவனியுங்கள். சேர்வதற்குக் கட்டணம் 10 டாலர்; அதில் 4 டாலர் ஆள் பிடித்தவருக்குக் கமிஷன். 1920இல் எவான்ஸ்வில் நகரில் தொடங்கிய இந்த வேலையை பின்னர் அங்கே கிளானின் தலைவரான டி.சி. ஸ்டீஃபன்சன் என்பவர் மாநிலம் முழுக்க விரித்தார். ஞாயிறு ஆராதனை நடுவே வெள்ளை அங்கியணிந்த கிளான் ஆட்கள் அணிவகுத்து உள்ளே நுழைவார்கள், போதகரின் கையில் பண உறையைக் கொடுப்பார்கள், சபை பார்த்துக்கொண்டிருக்கும். மதுவிலக்கைக் காப்போம், ஒழுக்கத்தைக் காப்போம் என்ற பேச்சோடு, போப்பின் ஆணைக்குக் கட்டுப்பட்ட கத்தோலிக்கரும் யூதரும் குடியேறியவர்களும் நாட்டைக் கைப்பற்றுகிறார்கள் என்ற அச்சத்தையும் சேர்த்து விற்றார்கள். கருப்பின மக்கள் குறைவாக இருந்தது அவர்களுக்குத் தடையாகவே இல்லை, ஏனெனில் ஒவ்வோர் ஊருக்கும் ஏற்ற பகைவர் ஒருவர் கைவசம் இருந்தார். 1924 தேர்தலில் அவர்கள் ஆதரித்த எட் ஜாக்சன் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. மன்சி நகரில் ஜார்ஜ் டேல் என்ற பத்திரிகையாசிரியர், நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டிக்கப்பட்டும் கிளானைத் தாக்கி எழுதுவதை நிறுத்தவில்லை. அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

1925இல் ஸ்டீஃபன்சன், மேட்ஜ் ஓபர்ஹோல்ட்சர் என்ற இளம்பெண்ணைக் கடத்திக் கொடுமைப்படுத்தினார். அவர் இறக்கும் முன் அளித்த மரண வாக்குமூலமே ஸ்டீஃபன்சனுக்கு ஆயுள் தண்டனை பெற்றுத் தந்தது. ஆளுநர் மன்னிப்பு வழங்குவார் என்று காத்திருந்து ஏமாந்தவர், தான் விலைக்கு வாங்கி வைத்திருந்த அரசியல்வாதிகளின் கதைகளை வெளியிட்டார். கிளான் விரைவில் சரிந்தது.

இந்தச் சரிவை மக்களின் மனமாற்றம் என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை. விலகியவர்கள் தலைவரின் ஒழுக்கக்கேட்டையும் ஊழலையும் கண்டு விலகினார்கள். வெள்ளையருக்கே நாடு என்ற நம்பிக்கையைக் கைவிட்டு அல்ல. அமைப்பு பெரும்பாலும் கலைந்துவிட்ட பின்னர், 1930 ஆகஸ்டில், அதே மாநிலத்தின் மேரியன் நகரில் தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்ற இரு கருப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்துவந்து ஒரு பெருங்கூட்டம் கொன்றது. அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.