எண்ணெய் ஏறிய லெதர் சோபாவுக்கு நிறம் திரும்புமா?

கேள்வி: பத்து வருடமாகப் புழங்கும் அடர் பழுப்பு லெதர் சோபா. உட்காரும் இடத்தின் முன் விளிம்பு வெளுத்துவிட்டது. தலை சாயும் இடமும் கைப்பிடியும் கறுத்துப் பிசுபிசுக்கின்றன. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள் சிலர். ஷூ பாலிஷ் போடச் சொல்கிறார்கள் சிலர். எது சரி? – கோவை வாசகி

பதில்: இரண்டுமே வேண்டாம். தலை சாயும் இடத்தைக் கறுக்க வைத்ததே தலை எண்ணெயும் வியர்வையும்தான். அதன்மேல் இன்னும் எண்ணெய் பூசினால் நாலு நாள் மின்னும், பிறகு தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஷூ பாலிஷ் வெள்ளை வேட்டியில் ஒட்டும். அதிலுள்ள மெழுகு படிந்த இடத்தில் பின்னால் எந்தச் சாயமும் பிடிக்காது.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். குஷன் உறையில் ஜிப் இருந்தால் திறந்து உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். மெல்லிய நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். உட்காரும் பகுதிக்கு மட்டும் தோலும், பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் ரெக்சினும் போட்டு விற்ற சோபாக்கள் ஏராளம். செதில் செதிலாக உரியும் ரெக்சினுக்கு நிறம் அடிப்பது வீண் செலவு, உறையையே மாற்றுங்கள்.

தோல் என்றால், குஷனின் தேயாத பக்கவாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மேலே நிறப்பூச்சு உள்ள தோல். இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். உடனே ஊறிக் கறுத்தால் பூச்சில்லாத அனிலின் தோல். அதில் கை வைக்காமல் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

இனி சுத்தம். உண்மையான வேலையே இதுதான், பலர் அவசரப்படுவதும் இங்கேதான். பதனிட்ட தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது. துணி சோப்பும் சமையல் சோடாவும் காரத்தன்மை உள்ளவை. தோலை வறட்டி விரிசல் விட வைக்கும். லெதர் கிளீனரை ஸ்பாஞ்சில் நுரைத்து, நுரையை மட்டும் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒருமுறையாகத் தேய்த்து உடனே துடையுங்கள். தையல் ஓரங்களுக்கு மென்மையான பிரஷ். ‘நிறம் போச்சு’ என்று நினைத்த இடம் பல சமயம் வெறும் அழுக்காகவே இருக்கும்.

பிசுபிசுப்பு உள்ள இடத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் தீ கூடாது. துணியில் பழுப்பு இறங்கும். கெட்டுப்போன பழைய பூச்சு அது, பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வந்திருந்தால் திரும்பவும் துடைக்க வேண்டும். எண்ணெய் நிற்காமல் மேலே வந்துகொண்டிருந்தால் அங்கே பூசும் நிறம் உரிந்துவிடும்.

காய்ந்தபின், சொரசொரப்பாக இருக்கும் முன் விளிம்பை ஆயிரம் நம்பர் உப்புத்தாளால் மிக லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். தண்ணீரில் கலக்கும் லெதர் நிறப்பூச்சையே வாங்குங்கள். ஈரத்தில் வெளிறித் தெரியும் இந்தப் பூச்சு, காய்ந்தால் அடர்ந்துவிடும். அதனால் மறைவான இடத்தில் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். கனமாக ஒரே பூச்சாக அடிக்க வேண்டாம். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. முடிவில் லெதர் சீலர் (நிறத்தைக் காக்கும் மேல்பூச்சு) கட்டாயம். இல்லாவிட்டால் நிறம் உடையில் ஏறும். ஒரு நாள் யாரும் உட்கார வேண்டாம். ஒரு வாரம் ஈரத்துணி படவேண்டாம்.

தலை சாயும் இடத்தில் துவைக்கக்கூடிய பருத்தித் துணி ஒன்று விரித்து வையுங்கள். நேர் வெயில் விழாத பக்கம் சோபாவை நகர்த்துங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடாதீர்கள், காற்றில்லாமல் பூஞ்சை பிடிக்கும்.