தட்டம்மை உத்தரவைக் கிழித்துப் போடலாமா?

கேள்வி: ஒஹையோ மாநிலத்தில் வாடகைக் கூடம் ஒன்றில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். சனிக்கிழமை 18 பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை 22 பிள்ளைகள். போன சனிக்கிழமை வந்த ஒரு சிறுமிக்குத் தட்டம்மை என்று டாக்டர் உறுதி செய்துவிட்டார். 40 பேரும் 21 நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும், இரண்டு வகுப்பும் நடக்கக் கூடாது என்று எங்கள் கவுண்டி சுகாதாரத் துறையிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. 2021-இல் வந்த சட்டம் இவர்கள் அதிகாரத்தையே எடுத்துவிட்டது, கிழித்துப் போடுங்கள் என்கிறார் ஒரு மாணவியின் அப்பா. செய்யலாமா?

பதில்: கிழிக்காதீர்கள். அந்த உத்தரவில் ஒரு பாதி சட்டப்படி நிற்கும். மறு பாதியைக் கேள்வி கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

அந்த அப்பா சொல்வது செனட் மசோதா 22 என்ற ஒஹையோ சட்டம். கொரோனா காலத்தில் கடைகளையும் பள்ளிகளையும் மூட வைத்த உத்தரவுகள் மீதிருந்த கோபத்தில் பிறந்தது. ஆளுநர் மைக் டிவைன் 2021 மார்ச் 23 அன்று அதை வீட்டோ செய்தார். மறுநாளே மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அவருடைய வீட்டோவை முறியடித்தன. ஜூன் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆளுநரின் அவசரநிலை அறிவிப்புக்குக் காலவரம்பு வைத்தது அதன் ஒரு பகுதி, அது உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் கவுண்டி சுகாதாரத் துறை போன்ற உள்ளூர் சுகாதார வாரியங்களைப் பற்றிய பகுதிதான் உங்கள் விஷயம்.

அந்தப் பகுதி தனிமைப்படுத்தும் அதிகாரத்தை ஒழிக்கவில்லை. யார் மீது பாயலாம் என்பதைத்தான் சுருக்கியது. நோய் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்தவர், அவரோடு நேரடித் தொடர்பில் இருந்தவர் ஆகியோர் மீது உத்தரவு போடலாம். நோய் வந்து போனது பதிவான கட்டடத்தோடு சம்பந்தப்பட்டவர்களுக்கும் அதில் இடமுண்டு. ஊருக்கே பொதுவாக உத்தரவு போட முடியாது. வரம்பு மீறிய உத்தரவு செல்லாது என்றே சட்டம் சொல்கிறது.

சரி, உங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வருவோம். 'நேரடித் தொடர்பு' என்றால் தொட்டிருக்க வேண்டும் என்று யாராவது வாதாடச் சொல்வார்கள். அந்த வாதத்தை நான் நீதிபதி முன் வைக்க மாட்டேன். தட்டம்மைக் கிருமி, நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். ஒரே கூடத்தில் ஆடிய பிள்ளைகளைத் தொடர்பில் இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு வகுப்பின் கதை வேறு. அவர்கள் வந்தது மறுநாள். கட்டடத்தில் நோய் பதிவாகியிருக்கிறது என்று சுகாதாரத் துறை சொல்லலாம். அந்த இரண்டு மணி நேரம்தான் அதற்கு உங்கள் பதில். ஆனால் முதலில் பட்டியலைச் சரிபாருங்கள். ஞாயிறு பிள்ளையின் அக்கா சனிக்கிழமை வருகிறாளா? சனிக்கிழமை யாராவது ஈடுசெய் வகுப்புக்கு வந்தார்களா? அந்தப் பெயர்களை நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் கேட்க மறக்கிற கேள்வி: அந்தச் சிறுமிக்குத் தடிப்பு தெரிந்த தேதி என்ன? தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்பு வரைதான் நோய் பரவும். தடிப்பு அந்த வகுப்புக்கு அடுத்து வந்த வியாழக்கிழமையோ அதற்குப் பிறகோ வந்திருந்தால் உங்கள் சனிக்கிழமை அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. சிறுமியின் பெயரையும் மருத்துவ விவரங்களையும் உங்களிடம் பேச சுகாதாரத் துறையினர் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். தேதியை மட்டும் கேளுங்கள்.

இன்றே எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சட்டப் பிரிவின்படி உத்தரவு, ஞாயிறு பிள்ளைகளை எந்த வகையில் சேர்த்தார்கள், 21 நாள் எந்தத் தேதியிலிருந்து. கூடவே தட்டம்மையைத் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசி இரண்டு தவணையும் போட்ட பிள்ளைகளின் அட்டை நகல்களைப் பெற்றோர் சம்மதத்தோடு இணைத்து, அவர்களை விடுவிக்கக் கேளுங்கள். பல நேரம் விஷயம் இந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நீங்கள் வசிக்கும் கவுண்டி நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை கேட்கலாம். 21 நாளில் பாதி மனு தயாராவதற்குள் போய்விடும் என்பதால் உள்ளூர் வக்கீலிடம் காகிதங்களை இப்போதே காட்டி வையுங்கள்.

பதில் வரும்வரை வகுப்பு வேண்டாம். உத்தரவை மீறுவது குற்ற வழக்காகலாம். அதைவிட எனக்குப் பயம், வகுப்பிலிருந்து நோய் ஒரு வீட்டுக் கைக்குழந்தைக்குப் போய்விடுமோ என்பதுதான். முதல் எம்.எம்.ஆர். தவணை வழக்கமாக ஒரு வயதுக்குப் பிறகுதான். இந்தச் சட்டம் வந்து ஒன்றரை வருடத்துக்குள், 2022 நவம்பரில், கொலம்பஸ் பகுதியில் தட்டம்மை கிளம்பியது. 85 பேருக்கு வந்து, 36 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

என் கருத்தைக் கேட்டால், இந்தச் சட்டம் ஒரு இடத்தில் அளவுக்கு மீறிப் போய்விட்டது. 2020 ஜனவரியில் சீனாவிலிருந்து திரும்பிய இரண்டு மாணவர்கள் ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் உடம்பு சரியில்லாமல் வந்தார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை ஒதுக்கி வைத்தார்கள். நோய் இல்லை என்று வந்தது. சந்தேகக் கட்டத்தில் எடுத்த அந்த மாதிரி நடவடிக்கை இனி முடியாது என்று டிவைனே சொன்னார். அவர் கவலை சரியானது. உங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை, நோய் உறுதியாகிவிட்டது. அதனால் அவர்கள் விஷயத்தில் அதிகாரத்தைப் பற்றிச் சண்டை போடாமல், அந்த வாதத்தை ஞாயிறு பிள்ளைகளுக்காக மட்டும் கடிதத்தில் வையுங்கள்.