அயர்லாந்து ப்ளூஸ்-ராக் கிதார் கலைஞர் ரோரி கேலகர் வாசித்த ஃபொன்டானா ஷோபேண்ட் (நடன அரங்குகளில் வாசிக்கும் இசைக்குழு) என்ன ஆயிற்று?

உடனே கலையவில்லை, முதலில் உருமாறியது. 1963-இல் ரோரி சேர்ந்தபோது அவருக்கு வயது 15. அதே ஆண்டு அயர்லாந்தின் கார்க் நகரக் கடையில் தவணைக்கு எடுத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் விலை 100 பவுண்டு. அந்தக் கடனை அடைக்க நடன அரங்க வருமானம் உதவியது.

ஷோபேண்டின் வேலை, அன்றைய ஹிட் பாடல்களை அச்சு அசலாக வாசித்து மக்களை ஆடவைப்பது. சொந்தப் பாடலுக்கு அங்கே இடமே இல்லை, பிரச்சினை அதுதான். ரோரி, அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் பாடல்களை மெல்ல நுழைத்தார். 1965-இல் குழு ஆள்மாறி 'தி இம்பாக்ட்' ஆனது. ஸ்பெயின்வரை போய் வாசித்துவிட்டு லண்டனில் கலைந்தது.

பிறகு ரோரி, பாஸ் கிதாருக்கு ஆலிவர் டோபின், டிரம்ஸுக்கு ஜானி கேம்பெல் என மூவராக ஜெர்மனியின் ஹாம்பர்க் போனார்கள். 1966-இல் ரோரி கார்க்கில் தொடங்கிய 'டேஸ்ட்' குழுவில் இவ்விருவரும் இல்லை. எரிக் கிட்டரிங்ஹாம், நார்மன் டாமரி சேர்ந்தனர்.