நாய்க்குக் கருணை ஊசி: பினாங்கில் எவ்வளவு செலவாகும், உடலை என்ன செய்வது?

கேள்வி: ஆயர் ஈத்தாமில் வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். எங்கள் நாய்க்கு 13 வயது, எடை 24 கிலோ. சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, இனி ஊசி போட்டுவிடுவதுதான் நல்லது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு கிளினிக் அதற்கு 380 ரிங்கிட் கேட்கிறது, இன்னொன்று 160 போதும் என்கிறது. தகனத்துக்கு மட்டும் 950 ஆகும் என்கிறது ஒரு நிறுவனம். ஏன் இத்தனை வித்தியாசம்? வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தரைதான். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அண்ணன் அங்கேயே புதைத்துவிடலாம் என்கிறார். மாமியாரோ அஸ்தி வேண்டும் என்கிறார். வீட்டிலேயே ஏதாவது மாத்திரை கொடுத்துவிடலாமா என்றும் கணவர் கேட்கிறார். வழி சொல்லுங்கள்.

பதில்: அந்த 380-ம் 160-ம் ஒரே வேலைக்கான விலைகளாக இருக்க வாய்ப்பில்லை. குறைந்த தொகை சொன்ன கிளினிக் பெரும்பாலும் கடைசி ஊசிக்கு மட்டுமே விலை சொல்லியிருக்கும்; அதிகம் சொன்ன கிளினிக் மருத்துவர் கட்டணம், முதலில் போடும் மயக்க ஊசி, முன்னங்காலில் பொருத்தும் சிறு குழாய், தகன நிறுவனத்தார் வந்து எடுக்கும் வரை உடலைக் குளிரறையில் வைத்திருப்பது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆகவே இரண்டு இடங்களுக்கும் மறுபடி போன் செய்து, நாயின் எடையைச் சொல்லி, இந்த நான்கும் அந்தத் தொகையில் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தே கூடும் என்பதால், 5 கிலோ நாய்க்கும் உங்கள் நாய்க்கும் ஒரே விலை இருக்காது. உங்கள் நாயின் அளவுக்கு, மயக்க ஊசியும் சேர்த்து, ஏறக்குறைய 200 முதல் 350 ரிங்கிட் வரை ஒதுக்கி வைப்பது நல்லது. இரவு நேரத்திலும் பொதுவிடுமுறை நாள்களிலும் இதற்குமேல் கூடுதல் கட்டணம் உண்டு.

மயக்க ஊசியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு வழக்கமாகப் பயன்படும் மருந்து பென்டோபார்பிட்டால். அளவுக்கு மீறிக் கொடுக்கும்போது சில நொடிகளில் நினைவு தப்பி, பிறகு மூச்சு நின்று, அதன் பின் இதயம் நிற்கும். ஆனால் அது இரத்த நாளத்துக்குள் சரியாக இறங்கினால்தான் இப்படி அமைதியாக முடியும். சிறுநீரகம் கெட்ட நாயின் உடம்பில் நீர் வற்றியிருக்கும், இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், நாளங்கள் சுருங்கிக் கிடக்கும். விழித்திருக்கும் நாயின் காலைப் பிடித்து இரண்டு மூன்று முறை குத்திப் பார்ப்பது நாய்க்கும் துன்பம், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் துன்பம். முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி போட்டு, பத்து பதினைந்து நிமிடம் காத்திருந்து, தலை மடியில் சாய்ந்த பிறகு முன்னங்காலின் முடியைச் சிறிது மழித்துக் குழாயைப் பொருத்துவதே முறையான வழி. சில மயக்க மருந்துகள் வாந்தியை வரவழைக்கும் என்பதால், அன்று வயிறு நிறையச் சோறு வைக்காமல், பிடித்ததை ஒரு வாய் கொடுத்தால் போதும். இறந்த பிறகும் கண்கள் திறந்தபடியே இருக்கும், சிறுநீர் கசியும், ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோலத் தோன்றும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகு வரும் அந்த அசைவுகள் வெறும் தசைத் துடிப்புதான் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கையில் இருக்கும் பணம் அளவானது என்றால் எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்று என்னைக் கேட்டால், மயக்க ஊசியில் பிடிக்க வேண்டாம், மரப்பேழையிலும் பூ அலங்காரத்திலும் பிடியுங்கள் என்பேன். முன்னது நாய்க்கு ஆகும் செலவு, பின்னது நம் மனத்துக்கு ஆகும் செலவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, நள்ளிரவில் வலிப்பு வந்து 24 மணி நேர மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்கள்தாம் எல்லோரையும்விட அதிகம் செலவழிக்கின்றன. மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்ட நிலையில், வாரநாளில் ஒரு காலை வேளையைக் குறித்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

மருத்துவரை வீட்டுக்கே வரவழைக்கலாம். தூரத்தைப் பொறுத்து 100 முதல் 250 ரிங்கிட் வரை கூடுதலாகக் கேட்பார்கள். எழுந்து நிற்க முடியாத நாய்க்கு இது பெரிய நிம்மதி. காரில் ஏறுவதை இன்னும் விரும்பும் நாய் என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திவிடலாம். வீட்டில் செய்வதாயின், 24 கிலோ உடலைத் தூக்க இரண்டு பேரும், மடித்துப் பிடிக்க ஒரு தடித்த போர்வையும் தயாராக இருக்கட்டும்.

இனித் தகனம். 950 ரிங்கிட் என்பது தனித் தகனம், வண்டி, பேழை, பிரார்த்தனை அறை எல்லாம் அடங்கிய தொகுப்பு விலையாக இருக்கலாம். கூட்டுத் தகனத்தில் பல பிராணிகளை ஒன்றாக எரிப்பார்கள், அஸ்தி திரும்ப வராது. உங்கள் நாயின் எடைக்கு 150 முதல் 350 ரிங்கிட் வரை ஆகலாம். தனித் தகனத்தில் அடுப்பில் உங்கள் நாய் மட்டுமே இருக்கும், அஸ்தியைத் தருவார்கள். 400 முதல் 900 வரை எதிர்பாருங்கள். இவ்விரண்டுக்கும் இடையே, ஒரே அடுப்பில் தடுப்பு வைத்துப் பல உடல்களை எரித்து அஸ்தியைத் தனித்தனியே திரட்டித் தரும் முறையும் உண்டு. இதையும் சிலர் 'தனி' என்றே சொல்லி விற்பதால், அடுப்பில் அந்த நேரத்தில் வேறு உடல் இருக்குமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். அடுப்பில் வைப்பதைப் பார்க்க விடுவார்களா, உடலோடு எண் பொறித்த உலோக வில்லை போகுமா என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தை விட்டுவிடலாம். உங்கள் நாய்க்கு முக்கால் கிலோ அளவில் அஸ்தி கிடைக்கும். மாமியாரின் விருப்பம் அதைக் கடலில் கரைப்பதுதான் என்றால் விலையுயர்ந்த கலசம் எதற்கு, கூடவே வரும் சாதாரணப் பெட்டியே போதும். மனிதர்களுக்கான மின்மயானங்கள் பிராணிகளை ஏற்பதில்லை என்பதால், பத்து லாஞ்சாங் மயானத்தில் விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த முடிவை ஊசி போடும் நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கிளினிக்கில் நீங்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலேயே உடலை என்ன செய்வது என்ற கேள்வி பெரும்பாலும் இருக்கும். அழுதுகொண்டே பேனாவைப் பிடிக்கும்போது, எது கேட்டாலும் 'சரி' என்றுதான் சொல்லத் தோன்றும், பில்லும் ஏறிவிடும். கிளினிக்கிடமே விட்டுவிடுவதானால் அவர்கள் உடலை எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். செலவு குறைந்த வழிதான், ஆனால் கருணை ஊசி போட்ட நாயின் விஷயத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பென்டோபார்பிட்டால் உடலில் அழியாமல் நெடுநாள் தங்கும். எரித்தால் அழிந்துவிடும், புதைத்தால் இருக்கும். ஆழமில்லாத குழியைக் காட்டுப்பன்றியோ உடும்போ லயத்து நாய்களோ தோண்டித் தின்றால் அவையும் மயங்கி விழும், சாகவும் கூடும். ஆகவே உடலுக்கு மேலே குறைந்தது ஒரு மீட்டர் மண் நிற்கும்படி குழி ஆழமாக இருக்க வேண்டும். அதன் மேல் கற்களையோ பழைய ஓடுகளையோ பரப்பிவிடுவது நல்லது. நிபோங் திபால் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மேடான இடமாகப் பாருங்கள். இரண்டடி தோண்டியதுமே நீர் ஊறினால் அந்த இடம் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டிப் புதைத்தால் உடல் மக்காது; பழைய பருத்தித் துணியில் சுற்றுவதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலம் யாருடையது? தோட்ட நிலம் கம்பெனியுடையது என்றால், அண்ணன் அங்கே முப்பது வருடம் குடியிருந்தாலும் மேனேஜரின் அனுமதி வேண்டும். கடற்கரையிலோ, ஆற்றோரத்திலோ, வீட்டுக்குப் பின்னாலுள்ள பொது இடத்திலோ புதைக்கவும் போடவும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. குழிக்கும் அஸ்திக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உங்கள் வீட்டுக்கு நான் தகனத்தையே சொல்வேன்.

எந்த வழியானாலும் நம் ஊர் வெயிலில் நேரம் முக்கியம். சில மணி நேரத்திலேயே உடல் விறைத்துவிடும் என்பதால், முதலிலேயே கால்களை மடக்கி, தூங்குவதுபோல் சுருட்டி வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, வாய்ப்பக்கமும் பின்பக்கமும் துணியோ டயாப்பரோ வைத்து, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கிடத்துங்கள். ஐஸ் பைகளை வயிற்றைச் சுற்றி அடுக்க வேண்டும், முதலில் அழுகத் தொடங்குவது வயிறுதான். ஏர்கான் அறையில் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் கிளினிக்கின் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்; சில இடங்களில் அதற்கு நாள் கணக்கில் கட்டணம் உண்டு.

மொத்தத் தொகை எட்டாது என்று தோன்றினால், ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் இருக்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ. பினாங்கையும் மாநிலக் கால்நடைச் சேவைத் துறையையும் முதலில் கேளுங்கள்; இத்தகைய இடங்களில் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். வீட்டில் வளர்க்கும் நாயை இதற்காக ஏற்பார்களா, மயக்க ஊசியும் போடுவார்களா என்று போனிலேயே உறுதி செய்துகொண்டு போங்கள்.

கணவர் கேட்டதற்கு என் பதில், கூடவே கூடாது என்பதுதான். தூக்க மாத்திரையோ வேறு எதுவோ கொடுத்தால் நாய் உடனே சாகாது. வாந்தியிலும் வலிப்பிலும் மணிக்கணக்கில் துடிக்கும், நீங்களும் கடைசியில் அவசர சிகிச்சைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். அதோடு 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ், விலங்கை வதைத்ததாகக் குற்றம் நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இந்த ஊசியைப் போட வேண்டியவர் பதிவு பெற்ற விலங்கு மருத்துவர்தான்.

ஊசிக்கு நாள் குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அண்மையில் நாய் யாரையாவது கடித்திருந்தாலோ, திடீரென்று குணம் மாறி எச்சில் ஒழுகித் தள்ளாடினாலோ, அதைச் சிறுநீரக நோய் என்று நாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது. 2015-இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிஸிலும் வெறிநாய் நோய் தலைகாட்டியது நினைவிருக்கும். சந்தேகம் எழுந்தால் மூளையைச் சோதிக்க உடல் தேவைப்படும். அவசரப்பட்டு எரித்துவிட்டால், கடிபட்டவருக்கு விடை கிடைக்காமல் போய்விடும். அப்படி எதுவும் இல்லையென்றால், எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் வேலை மாநகர் மன்றத்திடம் தகவல் சொல்லி நாய் உரிமத்தை முடித்துக்கொள்வதுதான். அதற்காகக் கிளினிக்கின் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.