வருமான வரி கேள்வி-பதில்: பிடித்தம் போன பிறகும் பாக்கி வருவது ஏன்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 2024-25 நிதியாண்டைப் பற்றியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருந்தாலும், அந்த ஆண்டு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வருவதால் பழைய எண்களையே இங்கு தருகிறேன்.

கேள்வி: ஓசூரில் மாதம் 80,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த நான், 2024 அக்டோபரில் பெங்களூரில் வேறு நிறுவனத்தில் 90,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். இரண்டு நிறுவனங்களும் ஃபார்ம் 16 (சம்பளத்துக்கும் வரிப் பிடித்தத்துக்குமான சான்றிதழ்) கொடுத்தன. 2025 செப்டம்பரில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது 26,260 ரூபாய் வரி பாக்கி, அதற்கு மேல் வட்டி என்று இணையதளம் காட்டியது. வரி பிடிப்பது நிறுவனத்தின் பொறுப்புதானே? அவர்கள் குறைத்துப் பிடித்ததற்கு நான் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

பதில்: நிறுவனத்தின் பொறுப்புதான், ஆனால் அந்தப் பொறுப்பு தான் கொடுக்கும் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. 192ஆவது பிரிவின்படி, ஒரு நிறுவனம் ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்குரிய வரியை மாதாமாதம் பிரித்துப் பிடிக்கிறது. வேறு இடத்தில் நீங்கள் வாங்கியதை நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அதைக் கணக்கில் சேர்க்க முடியும்.

உங்கள் கணக்கையே பார்ப்போம். நீங்கள் புதிய வரி முறையில் இருந்ததாக எடுத்துக்கொள்கிறேன். ஓசூர் நிறுவனம் உங்கள் ஆண்டுச் சம்பளம் 9,60,000 ரூபாய் என்று கணக்கிட்டு, நிலையான கழிவு 75,000 போக மீதி 8,85,000 ரூபாய்க்கு 4% செஸ் உட்பட 40,040 ரூபாய் வரி என்று கண்டு, அதில் பாதியை, அதாவது 20,020 ரூபாயை, ஆறு மாதத்தில் பிடித்துவிட்டது. பெங்களூர் நிறுவனத்துக்குத் தெரிந்ததோ அக்டோபர் முதல் மார்ச் வரை தான் கொடுக்கப்போகும் 5,40,000 ரூபாய் மட்டும். அதிலும் 75,000 ரூபாயை இரண்டாம் முறையாகக் கழித்தால் 4,65,000. அந்த ஆண்டில் வரிக்குரிய வருமானம் 7 லட்சம் வரை இருந்தால் 87ஏ பிரிவின்படி முழு வரியும் தள்ளுபடி என்பதால் அவர்கள் கணக்கில் உங்களுக்கு வரியே இல்லை. உங்கள் அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: வருமான வரி என்ற வரிசையில் பூஜ்யம் இருக்கும். கையில் வந்த சம்பளம் கூடியதற்குப் புதிய வேலையின் ஊதியம் ஒரு காரணம் என்றால், பிடிக்கப்படாத வரி மறு காரணம்.

இரண்டையும் சேர்த்தால் மொத்தச் சம்பளம் 10,20,000, நிலையான கழிவு ஒரு முறைதான் என்பதால் வரிக்குரிய வருமானம் 9,45,000, வரி 46,280. பிடித்த 20,020 போக மீதிதான் இணையதளம் காட்டிய 26,260. ஆகவே இது அபராதம் அல்ல, மாதாமாதம் போயிருக்க வேண்டிய பணம் மொத்தமாக வந்து நிற்கிறது.

வட்டி வேறு விஷயம். பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி மிஞ்சினால், சம்பளக்காரரும் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய நான்கு தேதிகளில் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும் என்கிறது சட்டம். இது சம்பளக்காரர்களில் பலருக்குத் தெரியாது. வியாபாரிகளுக்கான விதி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கட்டாததற்கு 234பி பிரிவின்படி ஏப்ரல் முதல் பணம் கட்டும் மாதம் வரை மாதத்துக்கு 1%. செப்டம்பரில் கட்டினால் ஆறு மாதத்துக்கு 1,572 ரூபாய். தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவின்படி இன்னொரு 1,300 ரூபாய்க்குச் சற்று மேல். ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடுவை அரசு நீட்டித்தாலும் 234பி வட்டி நிற்பதில்லை என்பதால், பாக்கி இருப்பது தெரிந்தவர் கடைசித் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆண்டின் நடுவில் வேலை மாறுகிறவர்கள், சேரும் வாரத்திலேயே பழைய நிறுவனத்தின் சம்பளம், பிடித்தம் ஆகிய விவரங்களைப் புதிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் (பழைய சட்டத்தில் அதற்கான படிவம் 12பி) இந்தச் சிக்கலே எழாது. மனிதவளத் துறை கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் கேட்பதே இல்லை.

கேள்வி: எனக்கு வயது 67. ஓய்வூதியம் மாதம் 60,000 ரூபாய். அதற்கு வரி இல்லை என்று கருவூலத்தில் சொன்னார்கள். இரண்டு வங்கிகளில் உள்ள வைப்புத்தொகைக்கு ஆண்டு வட்டி 2,40,000 ரூபாய். அதில் வங்கிகளே 24,000 ரூபாய் பிடித்துவிட்டன. பிறகும் 16,040 ரூபாய் கட்டச் சொல்கிறார் ஆடிட்டர். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரியா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஆடிட்டரின் கணக்கு சரி. கருவூலம் உங்கள் ஓய்வூதியத்தை மட்டும் பார்த்தது: 7,20,000 ரூபாயில் 75,000 கழிந்தால் 6,45,000; இது 7 லட்சத்துக்குள் இருந்ததால் முழு வரியும் தள்ளுபடியானது. ஆனால் வட்டியும் சேர்ந்தபோது வருமானம் 8,85,000 ஆகிவிட்டது. எல்லையைத் தாண்டியதால் வட்டிக்கு மட்டுமல்ல, அதுவரை தள்ளுபடியில் இருந்த ஓய்வூதியத்துக்கும் சேர்த்து வரி விழுகிறது. மொத்தம் 40,040, வங்கி பிடித்த 24,000 போக 16,040. வங்கி பிடிக்கும் 10% என்பது உங்களுடைய வரி விகிதம் அல்ல. பான் எண் கொடுத்த எல்லாருக்கும் அதே 10% தான், 30% அடுக்கில் இருப்பவருக்கும்கூட. பழைய வரி முறைக்கு மாறினால் மூத்த குடிமக்களின் வட்டிக்கு 80டிடிபி பிரிவில் 50,000 ரூபாய் கழிவு உண்டே என்று தோன்றலாம். அதோடு 80சி பிரிவின் சேமிப்புக் கழிவான ஒன்றரை லட்சத்தை முழுமையாகக் கழித்தாலும் உங்களுக்கு வரி 54,080 ரூபாய் வருகிறது. எனவே அந்த வழி வேண்டாம்.

ஆறுதலான செய்திகள் இரண்டு. தொழில், வியாபார வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்கள் முன்கூட்டிய வரி கட்டத் தேவையில்லை என்பதால், கெடு தேதிக்குள் ரிட்டர்னோடு கட்டினால் உங்களுக்கு வட்டி கிடையாது. இரண்டாவதாக, 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் தள்ளுபடி எல்லை 12 லட்சமாக உயர்ந்துவிட்டது. இதே வருமானம் நீடித்தால் அந்த ஆண்டுக்கு உங்களுக்கு வரியே இல்லை. வங்கிகள் ஏதேனும் பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கேள்வி: கோவையில் நான் வேலை பார்த்த சிறு நிறுவனம் 12 மாதமும் சம்பளத்தில் வரி பிடித்தது. ஆனால் என் பெயரில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் டிசம்பர் வரைதான் பதிவாகியிருக்கிறது. மூன்று மாதப் பிடித்தத்தை ஏற்காமல், பாக்கி என்று 143(1) அறிவிப்பு (ரிட்டர்னைச் சரிபார்த்து வரித் துறை அனுப்புவது) வந்திருக்கிறது. முதலாளி தொலைபேசியையே எடுப்பதில்லை.

பதில்: கோபத்தில் உடனே கட்டிவிடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு அறிக்கையை நிறுவனம் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு அறிக்கை தராமல் விட்டிருக்கலாம், அல்லது உங்கள் பான் எண்ணை மாற்றிப் போட்டிருக்கலாம். அப்படியானால் திருத்த அறிக்கை தாக்கல் செய்தாலே போதும். பிறகு நீங்கள் 154ஆவது பிரிவில் திருத்தம் கோரலாம். இதை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டவே இல்லை என்றால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கப்பட்ட அளவுக்கு, ஊழியரிடம் நேரடியாக அந்த வரியைக் கேட்கக் கூடாது என்கிறது 205ஆவது பிரிவு. இதை நினைவூட்டி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1 அன்றும் 2016 மார்ச் 11 அன்றும் தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. இணையதளத்தில் அந்தக் கோரிக்கைக்குப் பதிலளிக்கும்போது, ஏற்கவில்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, சம்பளச் சீட்டுகளையும், பிடித்தம் போக மீதிச் சம்பளம் வரவானதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணையுங்கள்; வாரியத்தின் இரண்டு கடிதங்களையும் தேதியோடு குறிப்பிட்டு, உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்குத் தனியாக ஒரு மனுவும் கொடுங்கள். பிடித்ததைக் கட்டாமல் விடுவது 276பி பிரிவின்படி வழக்குத் தொடரத்தக்க குற்றம். நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்த வாசகம் இருந்தால் தொலைபேசி எடுக்கப்படும் வாய்ப்பு கூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கெடுபிடி நின்றாலும் அந்தத் தொகை இணையதளத்தில் பாக்கியாகவே தொங்கிக்கொண்டிருக்கும். பின்னொரு ஆண்டில் உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணத்தை அதில் கழித்துக்கொள்ளும் முயற்சியும் நடக்கும். அதற்கு முன் 245ஆவது பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு வரும். அதற்குக் குறித்த நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவித்துவிடுங்கள். இப்படிக் கழிப்பதும் மறைமுகமான வசூலே என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியிருக்கிறது.

கேள்வி: பாக்கி சரிதான் என்று தெரிகிறது. ஒரே தடவையில் கட்ட வழியில்லை. என்ன செய்வது?

பதில்: கோரிக்கை அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தவறினால் 220(2) பிரிவின்படி மாதம் 1% வட்டி. அந்த 30 நாள் முடிவதற்குள், தவணை கேட்டு மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தவணை தருவது அவர் விருப்பத்துக்கு உட்பட்டது, தந்தாலும் வட்டி ஓடும். முடிந்த தொகையை இப்போதே கட்டிவிட்டு, மீதிக்கு மட்டும் தவணை கேட்பது நல்லது.