வடிவமைப்பு ஸ்டுடியோவின் வேலையில் பிற துறைகளின் தாக்கம்: கேள்வி பதில்

கேள்வி: வேறு துறைகளின் தாக்கம் வரைகலை வேலையில் உண்மையிலேயே தெரியுமா? அல்லது அது பேட்டிகளில் சொல்லிக்கொள்வதற்கு மட்டும்தானா?

பதில்: தெரியும். ஆனால் பெரும்பாலும் நாம் தேடுகிற இடத்தில் தெரியாது. லண்டன் பாதாள ரயில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் அதை வரைந்த ஹாரி பெக், வேலையில் மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகியவர். மின்சுற்றுப் படத்தில் எது எதனோடு இணைகிறது என்பதுதான் முக்கியம். கம்பியின் உண்மையான நீளத்தை அது காட்ட வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் பயணம் செய்பவருக்கும் தேவை அதுவே என்பதால், அவர் தரைமட்டத் தூரங்களைக் கைவிட்டு, கோடுகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் 45 பாகை சாய்வாகவும் மட்டும் ஓடவிட்டு, நெரிசலான நகர மையத்தை விரித்து, புறநகரை நெருக்கினார். 1933இல் அது பயணிகள் கைக்கு வந்தது. அதைப் பார்க்கும் எவரும் மின்பொறியியலை நினைப்பதில்லை. அங்கிருந்து வந்தது தோற்றத்தைவிட எதை விட்டுவிடலாம் என்ற துணிவுதான். ஒரு ஸ்டுடியோ வெளியிலிருந்து பெறக்கூடிய மிக உயர்ந்த பொருள் இத்தகைய சிந்தனை முறை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் ஸ்டுடியோவில் நால்வர் இருக்கிறோம், நால்வருக்கும் நான்கு ரசனைகள். ஒரே பாணியைத் தீர்மானித்துவிடுவது நல்லதா?

பதில்: அவசரப்பட வேண்டாம். 1954இல் நியூயார்க்கில் மில்டன் கிளேசர், சீமோர் குவாஸ்ட் உள்ளிட்ட நண்பர்கள் தொடங்கிய புஷ் பின் ஸ்டுடியோவில் ஒவ்வொருவருடைய கையும் தனித்தனியாகவே தெரிந்தது. நவீனத்துவம் துப்புரவான கட்டங்களையும் எளிய எழுத்துருக்களையும் வலியுறுத்திய காலத்தில், அவர்கள் விக்டோரியா கால எழுத்துகள், மரச்செதுக்குப் படங்கள், ஆர் நூவோ, ஆர் டெக்கோ ஆகிய பழைய அலங்காரப் பாணிகள் என எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்காக 1966இல் கிளேசர் வடிவமைத்த சுவரொட்டியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பக்கவாட்டில் கருநிழலாகத் தெரியும் முகம், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம் செய்த தற்படத்திலிருந்து வந்தது. அலையலையாகச் சுருளும் வண்ணக் கூந்தலில் இஸ்லாமிய ஓவியத்தின் சாயல் இருக்கிறது. கீழே உள்ள எழுத்து, மெக்சிகோ நகரில் அவர் கண்ட கையால் எழுதிய ஒரு விளம்பரப் பலகையிலிருந்து பிறந்தது. மூன்று ஊற்றுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. எனினும், கறுப்பு முகம் முற்றிலும் அசைவற்றிருப்பதால்தான் கூந்தலின் வண்ணங்கள் அத்தனை ஓசையோடு எழுகின்றன. எந்த ஊற்றுக்கு எந்த வேலை என்ற முடிவு அதில் தெளிவாக இருக்கிறது. உங்கள் நால்வரும் ரசனையில் ஒத்துப்போக வேண்டியதில்லை; ஒவ்வொரு வேலையிலும் எது முன்னே நிற்கும், எது அடங்கி நிற்கும் என்பதில் மட்டும் ஒத்துப்போனால் போதும்.

கேள்வி: தாக்கம் எங்கே முடிகிறது, நகல் எங்கே தொடங்குகிறது?

பதில்: பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோட்ரெக் 1891இல் பாரிஸின் மூலான் ரூஜ் நடன அரங்குக்காக வரைந்த சுவரொட்டியில், ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களின் தட்டையான வண்ணப் பரப்பும், அழுத்தமான புறக்கோடும், விளிம்பில் வெட்டுண்டு நிற்கும் உருவங்களும் இருக்கின்றன. ஆனால் அதில் இருப்பவர்கள் அந்த அரங்கின் மனிதர்கள். அவர் முறையை எடுத்துக்கொண்டு, பொருளைத் தன் கண்முன்னே இருந்ததிலிருந்து எடுத்தார். நீங்கள் எடுத்ததை மூலத்தின் அருகே வைத்தால், அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்பதையும் உங்கள் வேலைக்கு ஏன் பொருந்துகிறது என்பதையும் உங்களால் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது நகல்தான். ஒரு சமூகத்தின் கைவினையிலிருந்து எடுக்கும்போது இன்னொரு கடமையும் சேர்கிறது: அந்த மக்களின் பெயரைச் சொல்லுங்கள், இயன்றவரை அவர்களையே வேலையில் சேர்த்துக்கொண்டு அதற்குரிய ஊதியத்தைக் கொடுங்கள்.

கேள்வி: எல்லோரும் பின்டரெஸ்ட் என்ற படத் தொகுப்புத் தளத்தில் ஒரே படங்களைப் பார்க்கிறோம். அதிலிருந்து எப்படி விலகுவது?

பதில்: அங்கே பார்ப்பது தவறில்லை, அங்கே தொடங்குவதுதான் தவறு. அந்தத் தளம் நீங்கள் ஏற்கெனவே விரும்பியதைப் போன்றதையே மேலும் மேலும் காட்டும். அதோடு, அதில் இருப்பவை பெரும்பாலும் பிறர் ஏற்கெனவே செரித்து முடித்த விடைகள். மாறாக, வாடிக்கையாளரின் தொழில் சார்ந்த பொருள்களைக் கையில் எடுங்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளையோ பழைய ரயில் கால அட்டவணையையோ மேசையில் விரித்து, இதை யார், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த அவசரத்தில் படிக்கிறார்கள், தாளும் மையும் எதை அனுமதிக்கவில்லை என்று எழுதிப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய எழுத்துகளால் அச்சிட்ட பழைய சுவரொட்டிகளில் ஒடுங்கியதும் அகன்றதுமான எழுத்துகள் கலந்து வருவதற்கு, ஒவ்வொரு வரியையும் தாளின் அகலத்துக்கு நிரப்ப வேண்டியிருந்ததும் ஒரு காரணம். காரணம் தெரிந்தவருக்கு அது திரையிலும் பயன்படும்; தெரியாதவருக்கு வெறும் பழமைச் சாயமாகவே மிஞ்சும்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒரு பெரிய நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டி, “இதே போல வேண்டும்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: உடனே மறுக்காதீர்கள். அதில் அவருக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் “பார்த்ததும் நம்பிக்கை வருகிறது” என்றோ “தூரத்திலிருந்தே தெரிகிறது” என்றோ பதில் வரும். அந்த வாக்கியத்தை வேலைக் குறிப்பின் முதல் வரியாக எழுதிக்கொண்டு, அந்தப் படத்தை மூடி வைத்துவிட்டு வரையத் தொடங்குங்கள்.